எண்பதில் நடுங்கிய பானெட்

என் மகள் மாலினிக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள் தாய்வீட்டுக்கு வர வேண்டும். தாய்வீடு இருப்பதோ மலேசியாவில், கிள்ளானில். எட்டு மாதம் முடிந்த பெண்ணை விமானத்தில் ஏற்றக் கூடாது என்று திருப்பூர் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆகவே நான் மட்டும் கிளம்பி வந்தேன்.

தாராபுரத்தில் என் சின்னம்மா மகள் வசந்தா இருக்கிறாள். "என் வீடும் அவளுக்குத் தாய்வீடுதான், இங்க கூட்டிட்டு வா" என்று போனில் சொன்னதோடு நிற்காமல், மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டுவிட்டாள். சனிக்கிழமை நான் வந்து இறங்குவது, புதன்கிழமை நல்ல நேரத்தில் மாலினியைத் திருப்பூரிலிருந்து தாராபுரத்துக்கு அழைத்துப் போவது, இதுதான் ஏற்பாடு. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு மருமகன் மூர்த்தி காரோடு வந்திருந்தார். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மாலினி உண்டான பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, மூன்று மாதத்துக்கு முன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கியிருக்கிறார். அவளை அம்மா வீட்டுக்குத் தன் வண்டியில்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்று ஆசை.

"பெட்டிய நீங்க தொடாதீங்க அத்தை, நான் எடுத்துக்கறனுங்க" என்று இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இருபது நிமிடம்தான் நீடித்தது.

ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலை வந்ததும் வேகம் கூடியது. எழுபதைத் தொட்டபோது கண்ணாடிக்கு முன்னால் ஏதோ அசைவது தெரிந்தது. எண்பதில் சந்தேகமே இல்லை. இன்ஜினை மூடியிருக்கும் பானெட், கொதிக்கிற சோற்றுப்பானையின் மூடி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. இடது மூலை ஒரு விரற்கடை மேலே எழும்பி எழும்பித் தணிந்தது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை!" நான் போட்ட சத்தத்தில் பின்னால் வந்த லாரிக்காரரே பிரேக் போட்டிருப்பார்.

ஓரம் கட்டினார். இறங்கிப்போய் பானெட்டின் மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போய் மேலே வந்தது. "என்ன இது?" என்றேன்.

"காத்துங்க அத்தை. ஆனி மாசத்துக் காத்து. பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்குதுங்க."

"காத்து எல்லா வண்டிக்கும்தானே அடிக்குது? மத்த வண்டி எதுவும் இப்படித் தலையாட்டலையே?"

"ஆமாங்க" என்றார்.

இந்த ஊர்க்காரர்களிடம் சண்டை போடுவதைப்போல ஒரு கஷ்டம் உலகத்தில் இல்லை. நாம் கையை ஓங்கினால் அவர்கள் "சரிங்க" என்பார்கள். கிள்ளானில் நான் ஒரு வார்த்தை பேசினால் எதிராளி நாலு வார்த்தை பேசுவான், எனக்கும் மனசு ஆறும். இங்கே நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்கே திரும்பி வந்தது. "நாப்பதுக்கு மேல போகக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். "சரிங்க" என்று நாற்பதிலேயே ஓட்டினார். லாரிகள் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டின. நூல் மூட்டை கட்டிய ஒரு மொபெட்டும் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

நான் ஏன் இப்படிப் பயந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கிள்ளானில் கார் உதிரிப்பாகக் கடை. கல்லாவிலும் கவுண்டரிலும் இருபது வருடம் நின்றவள் நான். காரும் நன்றாகவே ஓட்டுவேன், ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன், அங்கே தாப்பா என்கிற ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருந்தபோது பானெட் பிய்த்துக்கொண்டு எழும்பி முன் கண்ணாடியில் அறைந்தது. கண் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. வண்டி இரும்புத் தடுப்பில் உரசி உரசி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாலினிக்குப் பதினெட்டு வயது. புருவத்துக்கு மேலே ஏழு தையல். பானெட் கொண்டி தேய்ந்துபோயிருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அன்றைக்கு விட்ட ஸ்டீயரிங்கை இன்றுவரை நான் தொடவில்லை.

அதே மகளை, வயிற்றில் பிள்ளையோடு, இந்த ஆடுகிற பானெட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து ஐம்பது கிலோமீட்டர் கூட்டிப் போக வேண்டும்.

திருப்பூர் நல்லூரில் அவர்கள் வீடு ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. வீடு, அடுத்து தையல் யூனிட், அடுத்து வீடு, அடுத்து நிட்டிங் மிசின் ஓடும் கொட்டகை. மாலினி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்கம்மா, பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிள்ளானில் என்னை "ஏம்மா, என்னாலா நீ" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுக் கூப்பிட்டு வளர்ந்தவள். ஆறு வருடத்தில் இந்தப் பக்கத்து ஊர்கள் அவளுக்கு 'ங்க' போட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூர்த்தியே சந்தகை பிழிந்தார். நம் இடியாப்பத்துக்கு அண்ணன் முறை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிக்கொண்டு நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். கோபமாக இருக்கும்போது இவ்வளவு ருசியாகச் சாப்பிடுவது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே, "வாடகை வண்டி பிடிச்சுக்கலாம்" என்றேன்.

"நான் இவரு வண்டிலதான் போவேன்" என்றாள் மாலினி.

"பானெட் ஆடுதுடி."

அவள் கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். "ஆடுதா?" என்று மூர்த்தியைப் பார்த்தாள்.

"லேசாத்தான் கண்ணு. நாளைக்கு மெக்கானிக்கிட்டக் காட்டிர்றன்" என்றார் அவர். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

சாயங்காலம் தெருமுனைக்கு நடந்தேன். இங்கே டீக்கடையை பேக்கரி என்கிறார்கள். பேக்கரிக்கு ஒரு கூட்டம், செல்போன் கடைக்கு ஒரு கூட்டம். வாரம் முழுக்க மிசினில் குனிந்திருந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நிமிர்ந்து தெருவில் நடக்கிறது. மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ், இந்தி எல்லாம் காதில் விழுந்தன. கிள்ளான் சந்தையில் நாலு பாஷை கேட்டு வளர்ந்தவளுக்கு அது வீட்டு ஞாபகத்தைத் தந்தது. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், என்னைப் போல.

திங்கட்கிழமை மூர்த்தி கம்பெனிக்குப் போவதற்கு முன் காங்கேயம் ரோட்டிலிருக்கும் யாகூப் பாய் பட்டறைக்குப் போனோம். நாற்பதில்தான். பாய் என் வயதுக்காரர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். பானெட் உட்காரும் இடங்களில் நாலு ரப்பர் கட்டைகள் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அவை இருந்த இடத்தில் பனியன் வேஸ்ட் துணி உருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. உருளை கலையாமலிருக்க ஜட்டி எலாஸ்டிக்கால் ஒரு கட்டு வேறு. ஒன்று ரோஸ், ஒன்று மஞ்சள், இரண்டு கோடு போட்டது.

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இந்த ஊரில் பனியன் வேஸ்ட்தான் சர்வரோக நிவாரணி. மிசின் துடைக்க அதுதான், தலையணைக்குள் அதுதான், குழாய் ஒழுகினால் சுற்றுவதும் அதுதான். அதற்காக பானெட்டுக்குமா?

பாய் பொறுமையாக விளக்கினார். எனக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனாலும் தொழில்காரர் வாயால் கேட்பது ஒரு சுகம். "பாருங்கம்மா, நடுவுல இருக்கிற கொண்டி பானெட்டக் கீழ இழுக்குது. இந்த ரப்பர் நாலும் கீழருந்து மேல தள்ளுது. இழுப்பும் தள்ளலும் சமமா இருந்தாத்தான் மூடி அசையாம நிக்கும். ரப்பர் இல்லைன்னா கொண்டிக்கு இழுக்க எதிராளி இல்ல. ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாது. எண்பதுல போனா முன்னாடி ஜாலி வழியா காத்து உள்ள புகுந்து மூடியத் தூக்கப் பாக்கும். துணி அமுங்கிப் போயிடும், திருப்பி எழும்பாது."

பிறகு மூர்த்தியைப் பார்த்து, "தம்பி, இது தானா விழுற சாமான் இல்ல. திருகு மரை இருக்கு. யாரோ கழட்டியிருக்காங்க. யாரு?" என்றார்.

"தெரியலீங்க பாய்" என்றார் மூர்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாரோ புத்தி கெட்டவன்தான் ஓடுற வண்டியிலருந்து ரப்பரைக் கழட்டுவான்!" என்றேன் நான். மூர்த்தி "ஆமாங்க அத்தை" என்றார்.

பாயிடம் அந்த அளவு ரப்பர் இருப்பு இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும். "இன்ஷா அல்லா, புதன் சாயங்காலம் பார்சல் வந்துரும்" என்றார். நாங்கள் கிளம்ப வேண்டியதோ புதன் காலை, ராகு காலத்துக்கு முன்னால். மூர்த்தி தரையைப் பார்த்ததிலேயே கழற்றியது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது; திரும்பி வரும்போது அவரோடு நான் பேசவில்லை. பேசாமலிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை நானே ரப்பர் தேடிக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு தேனிக்காரப் பெண் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்து, "எந்தக் கம்பெனிக்கா? செக்கிங்கா, பேக்கிங்கா?" என்று கேட்டாள். கார் ரப்பர் வாங்க மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். பஸ்ஸே சிரித்தது. அதற்குள் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி, அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த நொய்யல் ஆற்றுப் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன்.

கடைத்தெருவில் என்னதான் இல்லை? எலாஸ்டிக் கடை, பட்டன் கடை, ஊசிக்கென்று தனிக் கடை, அட்டைப்பெட்டிக் கடை. கார் சாமான் கடைகளும் இரண்டு இருந்தன. ஒருவர் இந்த மாடலுக்கு இல்லை என்றார். இன்னொருவர், "போன வாரம் இதையே ஒரு தம்பி தேடிட்டு வந்தாருங்களே. தெரு பூராக் கேட்டுட்டுப் போனாரு" என்றார். எந்தத் தம்பி என்று எனக்குப் புரிந்தது. கழற்றியவனே ஏன் வாங்க அலைகிறான் என்பதுதான் புரியவில்லை. வெயிலில் மண்டை காய்ந்து, ஷேர் ஆட்டோவில் நாலு பேர் இடத்தில் எட்டு பேராகத் திரும்பினேன்.

வந்து மாலினி பக்கத்தில் கட்டிலில் படுத்தேன். பத்துக்குப் பத்து அறை. கட்டிலை எப்படித் திருப்பினாலும் தலை ஒரு சுவரில், கால் ஒரு சுவரில். சுவருக்கு அந்தப் பக்கம் சேசுமேரி என்கிற திருநெல்வேலிக்காரப் பெண்ணின் தையல் யூனிட். நாலு மிசின். துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிசினின் சத்தம் லேசாகக் கேட்டது.

"பகல்ல உனக்குத் தூக்கம் வருதா?" என்றேன்.

"இப்ப வருதும்மா. முன்னெல்லாம் காலைலருந்து கட்டில் கிடுகிடுன்னு ஆடும். அந்த மிசின் சுவரை ஒட்டியே இருக்கு. புள்ள உள்ள துள்ளும், எனக்குப் படபடன்னு வரும். ராத்திரி கால் வீக்கத்துல தூக்கமில்ல, பகல்ல இதுல தூக்கமில்ல. ஒரு மாசம் அழுதுட்டேம்மா. நீங்க வர்றதுக்கு முந்தின ஞாயிறுலருந்து நின்னுடுச்சு. இவரு போயி அந்தக்காகிட்ட என்னமோ பேசினாரு."

நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மிசின் ஓடுகிறது, சுவர் அசையவில்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது. மாலினி கண் அசரும்வரை காத்திருந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

சேசுமேரி மிசினை நிறுத்தி எழுந்தாள். "வாங்கக்கா, மாலினிக்க அம்மாதான? இருங்க, டீ சொல்லுதேன்."

நான் டீயையும் கேட்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. குனிந்து சுவரோரத்து மிசினின் அடியில் பார்த்தேன். ஸ்டாண்டின் நாலு காலிலும் கறுப்பாக நாலு ரப்பர், காலின் ஓட்டையில் மரையோடு திருகியிருந்தது. இருபது வருடம் அதைப் பொட்டலம் கட்டி விற்றவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இது யார் போட்டது?"

"ஒங்க மருமவந்தான். அன்னைக்கு ஞாயித்துக்கெழம, நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன், வாசல்ல நிக்காவ. கையில நாலு ரப்பரு. 'அக்கா, மாலினி தூங்க மாட்டேங்குது, இத மாட்டிக்கிடட்டுமா?'ன்னு கேக்காவ. நானும் ஒரு மாசமாக் கூசிப்போயிதான் இருந்தேன். மிசின நிறுத்தினா எனக்குப் பொழப்பு இல்ல, ஓட்டினா அந்தப் புள்ளைக்குத் தூக்கம் இல்ல, என்னத்தச் செய்ய? தரையில படுத்து அவியளே திருகினாவ. நல்ல மனுசன்க்கா."

நான் லேசில் அழுகிற ஆள் இல்லை. அங்கே, வெட்டிப்போட்ட பனியன் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். புத்தி கெட்டவன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதற்கும் அந்தப் பிள்ளை "ஆமாங்க" என்றது.

மூர்த்தி கம்பெனியிலிருந்து வந்ததும் வாசலிலேயே மறித்தேன். "நாலு ரப்பரையும் பாத்துட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை."

அவர் முகம் மாட்டிக்கொண்ட முகமானது. "மன்னிச்சுக்கோங்க அத்தை" என்றார் மெதுவாக. "அன்னிக்குக் கடையெல்லாம் லீவுங்க. மாலினி அழுறதப் பாக்க முடியலீங்க, அதான் கழட்டிட்டன். அப்புறம் புதுசு தேடினன், கெடைக்கல. பனியன் துணி தாங்கும்னு நெனச்சு வெச்சனுங்க. அதுக்கப்புறம் நாப்பதுக்கு மேல போனதே இல்லீங்க. உங்களக் கூட்டிட்டு வர்றப்பதான் சீக்கிரம் ஊடு போய்ச் சேரோணும்னு அழுத்திட்டன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே? பட்டறையிலருந்து வந்ததுமே மிசின்லருந்து கழட்டி வண்டியில பூட்டியிருக்கலாமே?"

"புதன்கிழமை காலைல கழட்டிக்கலாம்னு இருந்தனுங்க. அதுவரைக்கும் ரெண்டு நாளாச்சும் தூங்கட்டும்னுங்க. அதுகிட்டச் சொல்லிராதீங்க. வண்டிலருந்து கழட்டினதுன்னு தெரிஞ்சா இப்பவே போய் எடுத்துட்டு வரச் சொல்லிரும். பானெட்டுன்னா அதுக்கு ஒரு பயமுங்க."

பயம் எனக்கு மட்டும்தான் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஆறு மணிக்கே சேசுமேரி யூனிட்டைத் திறந்துவிட்டாள். ரப்பர்களைக் கழற்றிய கால்களுக்குக் கீழே பனியன் வேஸ்ட்டை நாலாக மடித்து வைத்தோம். பாயின் பார்சல் சாயங்காலம் வந்ததும் புது ரப்பரை அங்கே மாட்டிவிடுவதாக மூர்த்தி ஒத்துக்கொண்டார். பிறகு நானும் மருமகனும் பானெட்டுக்கு முன்னால் நின்றோம். ஆறு வருடம் கழித்து ஒரு வண்டியில் கை வைக்கிறேன்.

நாலு ரப்பரையும் திருகினோம். இடப்பக்கம் திருப்பினால் உயரும், வலப்பக்கம் திருப்பினால் தாழும். மூடிப் பார்த்து, பக்கத்துத் தகடும் பானெட்டும் ஒரே மட்டத்தில் வரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்தேன். தினக் காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்துவரச் சொல்லி, ரப்பரின் மேல் வைத்து மூடி இழுத்தேன். தாள் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தொடவில்லை என்று அர்த்தம். பிடித்துக்கொண்டு இழுபட்டு வர வேண்டும். மூன்று மூலையில் பிடித்தது, இடது முன்பக்கம் வழுக்கியது. இன்னும் ஒன்றரைச் சுற்று உயர்த்தியதும் அதுவும் பிடித்தது. கொண்டியின் போல்ட்டைத் தளர்த்தி ஒரு நூலளவு கீழே இறக்கி மறுபடி முறுக்கினோம். கொண்டி தவறினாலும் மூடியைத் தாங்குகிற இரண்டாவது கொக்கியில் கிரீஸ் தடவி, தானாகத் திரும்புகிறதா என்று பார்த்தோம். முன் ஓரத்து ரப்பர் பட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது, ஒட்டினோம். கடைசியில் மூலையை உள்ளங்கையால் அழுத்தினேன். அசையவில்லை.

"கத்துக்கிட்டனுங்க அத்தை" என்றார் மூர்த்தி.

"நான்தான் மாப்பிள்ளை கத்துக்கிட்டேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். சேசுமேரி ஒரு பொட்டலம் பிள்ளைச் சட்டைகளை ஜன்னல் வழியாக மாலினி மடியில் போட்டாள். முன்னால் உட்காருவேன் என்ற மாலினியை அதற்கு முன்பே நான் பின்னால் இழுத்து என் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். அவிநாசிபாளையம் தாண்டியதும் ரோடு விரிந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் விடாமல் சுற்றின. காற்று வண்டியைத் தள்ளியது.

"மாப்பிள்ளை, இப்ப எண்பது போங்க. நான் பாக்கணும்" என்றேன். மாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அறுபது, எழுபது, எண்பது. பானெட் வெயிலில் பளபளத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. ஆடவில்லை, அசையவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. "ஓரமா நிறுத்துங்க, ரப்பர் எதுவும் இறங்கியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடறேன்" என்றேன். மூர்த்தி "சரிங்க" என்று நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போனார். நான் பானெட்டைத் திறந்து நாலு ரப்பரையும் தொட்டுப் பார்த்தேன். மூடினேன். இரண்டு கையாலும் அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். இன்னும் ஒரு தடவை.

மாலினி இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "எத்தனை தடவைம்மா அழுத்துவே?"

ஆறு வருடமாக என் கணவரிடம்கூடச் சொல்லாதது அந்த ரோட்டோரத்தில் வாயில் வந்துவிட்டது. "அன்னைக்கு ஒரு தடவைகூட அழுத்தலடி. கொண்டி தேய்ஞ்சதுன்னு நான் சொன்னது பொய். தாப்பாவுக்கு முன்னால நிறுத்தி பானெட்டைத் திறந்து தண்ணி ஊத்தினேனே, அப்ப நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போறேன்னு சண்டை பிடிச்சிட்டு நின்னே. அந்தக் கோவத்துல மூடிய அப்படியே போட்டுட்டு வந்து உக்காந்தேன். கொண்டி விழவே இல்ல, கொக்கியில தொங்கிட்டு இருந்திருக்கு. என் தப்பு, மாலினி."

"தெரியும்மா" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒரு விரல் இடைவெளி இருந்துச்சு. நான் முன்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். உன்கிட்டப் பேசக் கூடாதுன்னு வீம்பு. நீயா பேசட்டும், அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்பே. அதுக்கப்புறம் நீ வண்டியே ஓட்டல. என்னாலதான்னு எனக்குத் தெரியும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில் இதைத் தூக்கிவைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்து, படித்து, கல்யாணம் கட்டி, இத்தனை நாள் சுமந்திருக்கிறது. நான் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு கிள்ளானில் உட்கார்ந்திருந்தேன்.

"உன்னால இல்லடி. உன்னை நானே கொன்னிருப்பேனேன்னுதான் ஓட்டல. ஒவ்வொரு தடவை சாவியைக் கையில எடுக்கும்போதும் உன் முகத்துல ரத்தம்தான் தெரிஞ்சுது."

"கொல்லலையேம்மா. பாரு, ரெண்டு உசிரா உன் முன்னாடி நிக்கிறேன்."

ஒரு கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. ஜன்னல் முழுக்கப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யார் பார்த்தால் எனக்கென்ன? அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். வயிறு குறுக்கே வந்தது. சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய் நின்றுதான் என் மகளைக் கட்டிக்கொள்ள முடிந்தது.